சுரங்கம் வருமுன்னே: கனடாவின் வடக்கில் கனிமத் தேடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கே மூன்று பிரதேசங்கள் இருக்கின்றன: யூகான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட். தங்கம், வைரம், யுரேனியம், செம்பு என்று அங்கே தேடாத கனிமம் இல்லை. நிலவியல் படித்த நம் பிள்ளைகளில் சிலர் கோடை வேலைக்கு அங்கே போகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும், செய்தியைப் படித்துவிட்டு விவாதிக்க வரும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன.

கனிமம் தேடுவதும் சுரங்கம் தோண்டுவதும் ஒன்றுதானே? ஏன் பிரித்துப் பேசுகிறீர்கள்?

இரண்டும் வேறு. சுரங்கம் ஓர் இடத்தில் இருக்கும். தேடல் ஒரு பெரும் பரப்பில் நடக்கும். முதலில் காந்தப்புலத்தை அளக்கும் கருவியுடன் விமானமோ ஹெலிகாப்டரோ தாழப் பறந்து கோடு கோடாகச் சென்று வரும். பிறகு ஆட்கள் இறங்கி மண்ணும் ஓடை மணலும் எடுப்பார்கள். அடுத்து காட்டில் நேர்கோட்டில் மரம் வெட்டி வழி திறப்பார்கள், அகழி தோண்டுவார்கள், கடைசியில் துளையிடுவார்கள். இப்படித் தேடும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கமாக ஆவதே இல்லை. நிலத்தில் விழும் காயங்களில் பெரும்பகுதி, பிறக்காத சுரங்கங்களுக்காக விழுந்தவை. இதனால்தான் தேடலைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

வைரத்தின் கதையைப் பாருங்கள். வைரப் பாறையோடு சேர்ந்து வரும், பனியாறுகள் இழுத்துச் சிதறவிட்ட சின்னஞ்சிறு கார்னெட் மணிகளை மேற்கிலிருந்து கிழக்காகப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1991-ல் வடமேற்குப் பிரதேசங்களின் லாக் டி கிரா ஏரி வட்டாரத்தில் வைரப் பாறையைக் கண்டுபிடித்தார்கள். செய்தி பரவியதும் கனடாவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய, தேடும் நிலத்துக்கு உரிமை பதியும் ஓட்டம் தொடங்கியது. முதல் சுரங்கமான எக்காட்டி 1998-ல் திறந்தது. அந்த ஓட்டத்தின் விளைவாக வடக்கில் திறந்த வைரச் சுரங்கங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். தேடிய பரப்போ கண்ணுக்கெட்டாதது.

ஆள் நடமாட்டமே இல்லாத பனிக்காடு அது. அங்கே கெட்டுப்போக என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. எனக்கு வருத்தம் தருவதும் இதுதான். அந்த நிலத்தில் இனுவிட், டெனே, குவிச்சின் போன்ற மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். ஊர்கள் சிறியவை, தூரம் தூரமாக இருப்பவை. ஆனால் மான் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் பெர்ரிப் பழம் பறிக்கவும் அவர்கள் போகும் வழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும். வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் ஏரி ஒவ்வொன்றுக்கும் அவர்கள் மொழியில் பெயர் உண்டு.

1970-களில் வடமேற்குப் பிரதேசங்களின் மெக்கன்சி பள்ளத்தாக்கின் வழியே எரிவாயுக் குழாய் பதிக்கத் திட்டம் வந்தபோது, நீதிபதி தாமஸ் பெர்ஜர் தலைமையில் 1974 முதல் 1977 வரை ஒரு விசாரணை நடந்தது. அவர் 35 ஊர்களுக்கு நேரில் போய், அந்த மக்களை அவரவர் மொழியிலேயே பேச வைத்துக் கேட்டார். பள்ளத்தாக்கில் பத்து ஆண்டுகளுக்குக் குழாய் வேண்டாம், வடக்கு யூகானில் எப்போதும் வேண்டாம் என்று பரிந்துரைத்தார். அந்த நிலம் யாருமில்லாத எல்லைப்புறம் என்ற எண்ணத்தை அந்த விசாரணை உடைத்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

ஒரு வண்டி போன தடம்தானே? மழை பெய்தால், புல் முளைத்தால் மறைந்துவிடாதா?

நம் ஊர் மண்ணில் மறைந்துவிடும். அங்கே மறையாது. மேலே ஒரு சாண், இரண்டு சாண் மண் மட்டும் கோடையில் இளகும். அதன் கீழே ஆண்டு முழுவதும் உறைந்த நிலம். பாசியும் கரிமண்ணும் கலந்த மேற்படலம்தான் சூரியனின் வெப்பம் கீழே இறங்காமல் காக்கிறது. வண்டியின் பட்டை அந்தப் படலத்தை நசுக்கினாலோ கிழித்தாலோ, வெப்பம் உள்ளே இறங்கும். நிலத்தடிப் பனி உருகும், மண் அமிழும், பள்ளத்தில் நீர் தேங்கும். தேங்கிய நீர் மேலும் வெப்பத்தை இழுக்கும். ஒருநாள் ஓட்டிய தடம் சில ஆண்டுகளில் ஓடையாகவே மாறிவிடுவதுண்டு.

அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குப் புகலிடத்தில் 1984, 1985 குளிர்காலங்களில் எண்ணெய் தேடி நில அதிர்வு ஆய்வு (செயற்கையாக அதிர்வு அனுப்பி அடிநிலத்தை அறிவது) செய்தார்கள். பனி மூடிய காலத்தில்தான் வண்டிகள் ஓடின. அப்படியும் சில தடங்கள் கால் நூற்றாண்டு கழித்தும் ஆறவில்லை என்று தொடர்ந்து அளந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முகாமை இழுத்துச் சென்ற கனரக வண்டிகளின் தடங்களே மோசமானவை.

அப்படியானால் குளிர்காலத்தில் மட்டும் வேலை செய்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பெரிய அளவுக்குக் குறையும், தீராது. நிலம் போதிய ஆழத்துக்கு உறைந்திருக்க வேண்டும், மேலே போதிய பனி படிந்திருக்க வேண்டும். இரண்டையும் அளந்து பார்த்த பிறகே வண்டியை இறக்க வேண்டும். பனியைத் தள்ளும் தகடு தரையைத் தொடாதபடி உயர்த்தி வைக்க வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே தடத்தில் ஓட்டாமல் பரவி ஓட்டுவதா, ஒரே பனிச்சாலையைக் கெட்டிப்படுத்தி அதில் மட்டும் ஓட்டுவதா என்பது இடத்தைப் பொறுத்தது.

ஆனால் குளிர்காலமே சுருங்குகிறது. அலாஸ்காவின் வடசரிவில் தூந்திரம் எனப்படும் மரமில்லாத உறைநிலத்தில் வண்டி ஓட்ட அனுமதித்த நாட்கள் 1970-களில் ஆண்டுக்கு 200-க்கு மேல் இருந்தன. 2000-களின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 100 ஆகக் குறைந்தது. அதே வேலையைப் பாதி நாட்களில் முடிக்க வேண்டிய நெருக்கடியில்தான் மெல்லிய பனியில் வண்டியை இறக்கும் தவறு நடக்கிறது.

கோடையில் துளையிட வேண்டியிருந்தால் சாலை போடாமல் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுவரக்கூடிய சிறிய இயந்திரம் இருக்கிறது. நிலத்தைச் சமன் செய்யாமல் மரக்கட்டைகளால் மேடை கட்டி அதன்மேல் அதை நிறுத்தலாம். செலவு கூடும். ஆனால் ஹெலிகாப்டருக்கு வேறு ஒரு விலை உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

சத்தம் கேட்டால் மான் ஓடும், பிறகு திரும்பி வரும். இதில் என்ன பெரிய பாதிப்பு?

கரிபு மான்களைப் பற்றிய கேள்வி இது. அவை ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பல நூறு கிலோமீட்டர் இடம்பெயரும். சினை மான்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே வட்டாரத்துக்குப் போய், ஜூன் மாத வாக்கில் கன்று ஈனும். அந்தச் சில வாரங்களில் தாய் மேய வேண்டும், கன்று குடிக்க வேண்டும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் கூட்டம் மேய்ச்சலை விட்டு ஓடுகிறது. ஒரு முறை ஓடினால் பெரிய நட்டமில்லை. நாள் முழுவதும் ஓடவிட்டால் தாயின் உடலில் கொழுப்பு சேராது. கொழுப்பு சேராத மான் அடுத்த ஆண்டு சினை பிடிக்காமல் போகலாம். குளிர்காலத்தில் அவை உண்பது லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசி இருக்கிறதே, அதன் இனம்தான். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். மிதித்தோ எரித்தோ அழித்துவிட்டால், மேய்ச்சலுக்குத் தேறப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வடமேற்குப் பிரதேசங்களின் பாத்தர்ஸ்ட் கூட்டத்தில் 1986-ல் சுமார் 4,70,000 மான்கள் இருந்தன. 2018 கணக்கெடுப்பில் சுமார் 8,200. 2021-ல் சுமார் 6,200. இந்தச் சரிவுக்குக் கனிமத் தேடல் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. தட்பவெப்பம், காட்டுத்தீ, வேட்டை, கூட்டங்களின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்ந்த விளைவு இது. ஆனால் இவ்வளவு இளைத்துப்போன கூட்டத்தின் மேல் இன்னொரு சுமையை ஏற்றலாமா என்பதே இன்றைய கேள்வி. டெனே மக்களில் ஒரு பிரிவினரான ட்லிச்சோ மக்கள் தங்கள் வேட்டையையே நிறுத்திக்கொண்ட கூட்டம் இது.

இதற்கான விதிகள் சும்மா வந்துவிடவில்லை. நுனாவுட்டின் பேக்கர் லேக் ஊர் இனுவிட் மக்கள் யுரேனியம் தேடலை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 1979-ல் வந்த தீர்ப்பு அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டென்று ஏற்றது; தேடலை நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில் 1978-லேயே மான் பாதுகாப்பு நிபந்தனைகள் பிறந்தன: மே 15 முதல் ஜூலை 15 வரை கன்று ஈனும் வட்டாரத்தில் மான் வந்தால் வேலை நிற்க வேண்டும், விமானங்கள் 300 மீட்டருக்குக் கீழே பறக்கக் கூடாது. இன்றைய அனுமதிச் சீட்டுகளில் இருக்கும் பல வரிகளுக்கு மூலம் அதுதான்.

மரபுச் சின்னம் என்கிறீர்கள். அங்கே கோயிலோ கோட்டையோ ஒன்றுமே இல்லையே?

கல்லால் கட்டியது மட்டுமே மரபு என்றால் இல்லைதான். அங்கே கூடாரத்தின் ஓரத்தை அழுத்த வட்டமாக வைத்த கற்கள் இருக்கும். தூந்திரத்தில் நடந்து போகிறவர் காலில் தட்டிவிட்டுப் போய்விடுவார். வழிகாட்ட அடுக்கிய கல் உருவங்கள், இறைச்சியைப் புதைத்து வைத்த கற்குழிகள், மரத்தில் வெட்டிய அடையாளம், வேலியிட்ட ஒற்றைக் கல்லறை, இவையெல்லாம் இருக்கும். முகாம் போட ஏற்ற இடம் என்று இன்றைய நிலவியலாளர் தேர்ந்தெடுப்பது உலர்ந்த, காற்று வீசும், ஏரி பக்கத்திலிருக்கும் மணல்மேடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேட்டைக்காரர்களும் அதே காரணத்துக்காக அதே மேட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மோதல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

1997-ல் தெற்கு யூகானில் மலைமேல் உருகிக்கொண்டிருந்த ஒரு பனித்திட்டின் ஓரத்தில், வேட்டைக்குப் போனவர்கள் கறுப்பாகப் பரவிக் கிடந்த மான் சாணத்தைப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் கரிபு மான் நடமாட்டம் நின்று பல காலம் ஆகியிருந்தது. சாணத்தோடு ஒரு மரத்தண்டும் கிடந்தது; எறிகோலால் வீசும் ஈட்டியின் துண்டு. வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். அதன்பின் அத்தகைய பனித்திட்டுகளில் தேடியபோது 9,000 ஆண்டுகள் வரை பழமையான ஈட்டிகளும் அம்புகளும், சில இறகும் நரம்புக் கட்டும் கலையாமல், கிடைத்தன. அந்தச் சாணத்தின் மேல் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தோண்டும்போது எலும்போ பழைய கருவியோ வந்தால், வேலை நின்றுவிடும் என்று பயந்து மறைத்துவிட மாட்டார்களா?

மறைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் 2022 ஜூன் 21 அன்று நடந்ததைச் சொல்கிறேன். யூகானின் டாசன் நகருக்குத் தெற்கே, குளொண்டைக் தங்க வயலின் யுரேக்கா ஓடையில் உறைந்த சேற்றை வெட்டிக்கொண்டிருந்த இளம் தொழிலாளி ஒருவருக்கு ஏதோ வித்தியாசமாகத் தட்டுப்பட்டது. இயந்திரத்தை நிறுத்தினார். மேலாளரைக் கூப்பிட்டார். அது தோலும் முடியும் தும்பிக்கையும் நகமும் கலையாத ஒரு கம்பளி யானைக்கன்று (மாமூத்), 30,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. சில மணி நேரத்தில் நிலவியலாளர்கள் வந்து பத்திரமாக எடுத்தார்கள். எடுத்து முடித்தபோது புயல் மழை கொட்டியது. அந்த வட்டாரப் பூர்வகுடிகளான டிரோண்டெக் ஹ்வெச்சின் மக்களின் மூத்தோர் அதற்கு நுன் சோ கா என்று பெயரிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள்.

அந்தத் தொழிலாளி நிறுத்தியதற்குக் காரணம் யூகானில் அந்தப் பழக்கம் வேரூன்றியிருப்பது. எலும்பு கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது சுரங்கக்காரர்களுக்குத் தெரியும். சொன்னால் ஆராய்ச்சியாளர் உடனே வருவார், வேலையை மாதக்கணக்கில் முடக்க மாட்டார் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. விதி எழுதுவதைவிட அந்த நம்பிக்கையை வளர்ப்பது கடினம், பலன் அதிகம்.

தொல்லிடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி வேலை செய்தால் சட்டப்படி சரிதானே?

வடக்கின் நிலப் பயன்பாட்டு விதிகளில் அந்த 30 மீட்டர் உண்டு: தெரிந்த, அல்லது இருக்கலாம் என்று சந்தேகப்படும் தொல்லிடத்துக்கும் புதைகுழிக்கும் அவ்வளவு தூரம் விட்டு நிற்க வேண்டும். கூடார வளையக் கற்களுக்கு அது போதலாம். ஒரு நிலப்பரப்பே புனிதம் என்றால் எங்கிருந்து 30 மீட்டர் அளப்பீர்கள்?

வடமேற்குப் பிரதேசங்களில் தீலோன் ஆற்றின் மேல்படுகையில் ஸ்கிரீச் ஏரி இருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம் யுரேனியம் தேடி 20 துளை வரை போட அனுமதி கேட்டது. துளை ஒன்று உள்ளங்கை அகலம்கூட இருக்காது. லுட்செல் கே ஊர் டெனே மக்களுக்கோ அந்தப் படுகை தங்கள் உலகம் தொடங்கிய புனித இடம். மெக்கன்சி பள்ளத்தாக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வாரியம் 2007-ல் அந்த விண்ணப்பத்தை நிராகரிக்கப் பரிந்துரைத்தது, அமைச்சரும் ஏற்றார். காரணம் மண்ணோ நீரோ கெடும் என்பதல்ல, அந்த மக்களின் பண்பாட்டுக்கு நேரும் பாதிப்பு. வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகர் யெல்லோநைஃப் அருகே கல்லறைகள் நிறைந்த டிரைபோன்ஸ் குடாவில் வைரம் தேடக் கேட்ட ஒரு விண்ணப்பத்துக்கும் அதே வாரியம் 2004-ல் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. எல்லா இடத்திலும் நிபந்தனை போட்டுச் சமாளித்துவிடலாம் என்ற நினைப்புக்கு இவை பதில்.

டீசல், குப்பை, கழிவு நீர் எல்லாம் எங்கே போகின்றன?

திருப்பி எடுத்துப் போக வேண்டும். 205 லிட்டர் பீப்பாய்களில் டீசல் விமானத்தில் வரும். காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்பச் செலவாகும் என்று விட்டுவிட்டுப் போனவர்களின் துருப்பிடித்த பீப்பாய்கள் வடக்கு முழுவதும் இருந்தன, அரசு செலவில் இன்னும் அகற்றுகிறார்கள். உறைநிலத்தில் துளையிடும்போது நீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு உப்பு கலப்பார்கள். அந்த உப்பு நீரை வெளியே விட்டால் செடி கருகும், உப்பு நக்க விலங்குகள் வரும். அதைச் சேகரித்து மறுபடி பயன்படுத்துவதே முறை.

கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு கேனால் திட்டம் சாட்சி. இரண்டாம் உலகப் போரில் வடமேற்குப் பிரதேசங்களின் நார்மன் வெல்ஸிலிருந்து யூகானின் வைட்ஹார்ஸுக்கு எண்ணெய்க் குழாய் போட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு ஓடியது, 1945-ல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அதனோடு சேர்த்துப் போட்ட தொலைபேசிக் கம்பி தரையில் சரிந்து கிடந்தது. கரிபுவும் மூஸ் மானும் கொம்பு சிக்கிச் செத்தன. அந்தக் கம்பியைச் சுருட்டி எடுக்கும் வேலை முடிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அங்கே வாழும் மக்களிடம் கேட்டுவிட்டுத்தானே எல்லாம் செய்கிறார்கள்?

கேட்பது எப்போது, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய சட்டப்படி யூகானில் யார் வேண்டுமானாலும் போய் இரண்டு கட்டைகளை நட்டு, 1,500 அடிக்கு 1,500 அடி நிலத்தின் கனிம உரிமையைப் பதிந்துகொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். ராஸ் ரிவர் டெனா மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். உரிமை பதிவதே எங்கள் உரிமையைப் பாதிக்கிறது, அதற்கு முன்பே அரசு எங்களிடம் பேச வேண்டும் என்றார்கள். 2012-ல் யூகான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. முன்பெல்லாம் சொல்லாமலே செய்யக்கூடிய சிறு தேடல் வேலைகளுக்கும் இப்போது முன்கூட்டியே தெரிவிக்கும் முறை வந்திருக்கிறது.

எப்படிக் கேட்பது என்பதற்கு நுனாவுட்டின் கிளைட் ரிவர் வழக்கு. கடலுக்கடியில் எண்ணெய் தேடி நில அதிர்வு ஆய்வு செய்யத் திட்டம். கடல்பாலூட்டிகளை வேட்டையாடி வாழும் இனுவிட் மக்கள் கேட்ட கேள்விகளுக்கு 3,926 பக்க ஆவணம் ஒன்று இணையத்தில் போடப்பட்டது; பெரும்பகுதி ஆங்கிலத்தில். அந்த ஊர் இணைய வேகத்தில் அதைத் தரவிறக்கவே முடியாது. 2017 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. கண்துடைப்புக்குச் செய்யும் கலந்தாலோசனை கலந்தாலோசனை ஆகாது.

முன்கூட்டியே திட்டமிட்டு இங்கே தேடலாம், இங்கே கூடாது என்று பிரித்துவிட்டால் நிறுவனங்களுக்கும் நல்லதுதானே?

நல்லதுதான். என் பார்வையில் மற்ற எல்லா நடவடிக்கைகளையும்விட இதுவே முக்கியம். கட்டை நட்டுவிட்ட பிறகு வேண்டாம் என்றால் இழப்பீடு, வழக்கு என்று இழுக்கும்.

யூகானின் பீல் ஆற்றுப் படுகை சுமார் 67,000 சதுர கிலோமீட்டர். சாலை ஏறக்குறைய இல்லாத, ஸ்நேக், விண்ட், பானெட் ப்ளூம் ஆறுகள் பாயும் நிலம். பூர்வகுடி அரசுகளும் யூகான் அரசும் செய்த ஒப்பந்தப்படி அமைத்த திட்டக் குழு பல ஆண்டுகள் வேலை செய்து, 2011-ல் 80 விழுக்காட்டைப் பாதுகாக்கச் சொன்னது. யூகான் அரசு கடைசி நேரத்தில் அதைத் தூக்கிப்போட்டு, 2014-ல் 71 விழுக்காட்டைத் தேடலுக்குத் திறந்துவிடும் தன் சொந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பூர்வகுடி அரசுகள் வழக்குப் போட்டன. அவர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் மேலே சொன்ன தாமஸ் பெர்ஜர்தான். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. 2017 டிசம்பர் 1 அன்று மக்கள் வென்றார்கள். 2019-ல் கையெழுத்தான இறுதித் திட்டம் 83 விழுக்காட்டைக் காக்கிறது. அதில் 55 நிரந்தரமாக, 28 இடைக்காலமாக. மீதி 17 விழுக்காட்டில் நிபந்தனைகளோடு தேடலாம். எங்கே போகலாம் என்பது நிறுவனத்துக்கும் தெளிவு.

மின்கார் பேட்டரிக்குக் கனிமம் வேண்டாமா? தட்பவெப்பத்தைக் காக்கவே அது தேவை என்கிறார்களே?

தேவை உண்மைதான், அதை மறுத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் எல்லாத் தேடலும் அந்தப் பெயரில் ஒளிந்துகொள்ள விடக் கூடாது. யூகானில் தேடலுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு தங்கத்துக்குப் போகிறது. உலகில் தோண்டும் தங்கத்தில் பெரும்பகுதி நகையாகவும் கட்டியாகவும் போய்ச் சேர்கிறது. உலகின் பெரிய தங்கச் சந்தைகளில் இந்தியா ஒன்று, அதில் நம் கல்யாண வீடுகளின் பங்கு குறைவல்ல. இந்தப் பேச்சில் நாம் வெறும் பார்வையாளர்கள் இல்லை.

செம்பும் நிக்கலும் தேடும் இடத்திலும் இதுவரை சொன்ன கேள்விகள் மாறுவதில்லை: எந்த இடம், எந்தப் பருவம், யார் சம்மதம்.

அந்த மக்களே சுரங்கம் வேண்டும் என்றால்? நீங்கள் யார் வேண்டாம் என்று சொல்ல?

சரியான கேள்வி. வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். வைரச் சுரங்கங்களில் வேலை பார்த்தும், ட்லிச்சோ, டெனே, இனுவிட் நிறுவனங்கள் வழியாக ஒப்பந்தம் எடுத்தும் வாழ்ந்த குடும்பங்கள் பல. நுனாவுட் ஒப்பந்தப்படி இனுவிட் மக்களுக்குச் சொந்தமான சுமார் 3,50,000 சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு நிலத்தடிக் கனிமமும் அவர்களுடையதே. அதை அவர்களே தேடக் கொடுக்கிறார்கள். வேலையும் காட்டையும் எப்படிச் சேர்த்துக் காப்பது என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அந்த முடிவு அவர்களுடையது. வெளியிலிருப்பவர் கேட்க வேண்டியது, முடிவெடுக்கத் தேவையான தகவலும் நேரமும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவர்களிடம் இருந்தனவா என்பதை.

அவநம்பிக்கைக்கும் காரணம் உண்டு. யெல்லோநைஃப் ஓரத்தில் இருக்கும் ஜயண்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை ஓடியது. உரிமையாளர் 1999-ல் திவாலானார். 2,37,000 டன் ஆர்செனிக் டிரை ஆக்சைடு என்ற நச்சுத் தூள் இன்னும் நிலத்தடியில் கிடக்கிறது. பல நூறு கோடி டாலர் செலவு மக்கள் வரிப்பணத்தில். அதனால்தான் இப்போது வேலை தொடங்கும் முன்பே பிணைத்தொகை கட்டச் சொல்கிறார்கள். அது போதுமான தொகையா என்று ஒவ்வொரு முறையும் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அடுத்த கோடையில் ஒரு தேடல் முகாமுக்கு வேலைக்குப் போகிறேன். கீழ்நிலை ஊழியன் நான், என்னால் என்ன ஆகும்?

நிறைய ஆகும். முதல் நாளே நிலப் பயன்பாட்டு அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். முகாமில் பெரும்பாலானோர் படித்திருக்க மாட்டார்கள். எந்தத் தேதிக்குள் எந்த வட்டாரத்தை விட்டு வெளியேற வேண்டும், எரிபொருள் நீர்க்கரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், மான் தெரிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பைலட்டிடம் பேசுங்கள், உயரத்தைத் தீர்மானிப்பவர் அவர்தான், மான் கூட்டம் தெரிந்ததும் படம் எடுக்கத் தாழப் பறக்கச் சொல்பவர் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்ற ஒருவர். கூடாரம் போடும் முன் அந்த மேட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். வட்டமாகக் கிடக்கும் கற்கள் தெரிந்தால் ஒன்றைக்கூட எடுக்காமல் இடத்தைக் குறித்துத் தெரிவியுங்கள். ஊர்க்காரர் யாராவது வனவிலங்குக் கண்காணிப்பாளராக முகாமில் இருந்தால், அவருடைய பேச்சுக்கு நிலவியலாளரின் பேச்சுக்குச் சமமான மதிப்புக் கொடுங்கள்.

முகாமைக் கலைக்கும் வாரம்தான் கவனம் அதிகம் தேவை. எல்லோரும் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். துளையிட்ட இடத்தில் தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாயைத் தரை மட்டத்துக்கு வெட்டினார்களா என்று பாருங்கள். பனி மூடிய பிறகு அதில் இடித்து விழுவது ஸ்னோமொபைலில் வரும் வேட்டைக்காரர். அகழியை மூடும்போது முதலில் வெட்டி ஓரமாக வைத்த பாசிப் படலத்தை மேலே, பச்சைப் பக்கம் வானம் பார்க்க, திரும்ப வைக்க வேண்டும். கோடு குறிக்கக் கிளைகளில் கட்டிய பிளாஸ்டிக் நாடாக்களை அவிழ்த்து எடுத்து வாருங்கள். ஒவ்வொரு இடத்தையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். ஆய்வாளர் வரும்போது காட்டலாம், வராவிட்டாலும் அனுப்பலாம்.